ஆறில்லாத் தீவுகளில் இயற்கையுலா

ஆறு பாயாத ஊருக்கு அழகில்லை என்பது ஔவை மூதாட்டியின் துணிபு. அந்த அளவுகோலை நேராக வைத்து அளந்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் எங்கள் தீவுகளுக்கு அழகென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் எஞ்சாது. மலையில்லை; மலையில்லாமையால் அருவியில்லை; அருவியில்லாமையால் ஆறில்லை; ஆறில்லாமையாற் பாறையைப் பிளந்து செல்லும் விடரும் இல்லை. குடாநாடு முழுவதற்கும் ஆறென்று சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியிற் பெருகிக் கோடையில் வற்றி, அராலிக்கு அருகே எங்கள் தீவுகளைப் பார்த்தவண்ணம் கடனீரேரியிற் கலந்துவிடுகிறது. கீரிமலைக்கோ பெயரில் மட்டுமே மலையுண்டு.

இத்தகைய நாட்டிலிருந்துகொண்டு குறிஞ்சித்திணை கற்பிப்பது தமிழாசிரியனுக்கு எளிய காரியமன்று. மூங்கில் செறிந்த மலைச்சாரலையும், கல்லென்ற ஓசையோடு வீழும் அருவியையும், பகலிலும் இருண்டு கிடக்கும் மலைமுழையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கண்ணிற் காட்டுவது எங்ஙனம்? ஆதலின் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்திலேறி மலைநாடு செல்கின்றனர். பேராதனையில் மகாவலியையும், பதுளைக்கு அருகே துன்கிந்த அருவியையும், நுவரெலியாவின் குளிரையும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். அது நன்றே, அதனைக் குறை கூறுவார் யார்? ஆனால், துன்கிந்தவைக் கண்ட மாணவன் நெடுந்தீவைக் கண்டிலன். அருவியின் பெயரை அறிந்தவன், தன் வீட்டுப் பின்புறத்துக் கழியில் நிற்கும் மரத்தின் பெயரை அறியான். இதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எங்கள் தீவுகளில் இயற்கையுலாச் செல்லத்தக்க காடுண்டா? ஆறுண்டா? உண்டெனில், அவற்றிடத்தே நாம் எவ்வாறு சென்றுவரல் வேண்டும்? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

முன்னோர் ஆடிய ஆட்டங்கள்

உல்லாசப் பயணம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று சிலர் கருதுவர். இது பொருந்தாது. பழந்தமிழர் வாழ்வில் ஊரைவிட்டு வெளியே சென்று இயற்கையோடு கலந்து மகிழ்தல் ஒழுங்குபட்ட வழக்கமாகவே இருந்தது. சோலையிற் பூக்கொய்து ஆடுவது பொழிலாட்டு. புதுவெள்ளத்தில் ஆடுவது புனலாட்டு. கடற்கரையில் ஆடுவது கடலாட்டு. வையையிற் புதுப்புனல் வந்ததும் மதுரை மாந்தர் திரண்டு சென்ற காட்சியைப் பரிபாடல் விரிவாகப் பேசும். இந்திரவிழாவின் முடிவிற் கோவலனும் மாதவியும் சென்றது புகார்க் கடற்கரைக்கே. சிலப்பதிகாரத்துக் ‘கடலாடு காதை’ அதன் பெயராலேயே வழங்குகிறது.

இம்மூன்றனுள் புனலாட்டு எங்களுக்கு இல்லை. பொழிலாட்டும் கடலாட்டும் உண்டு. ஆடி அமாவாசையிற் கீரிமலையில் நீராடச் செல்லும் பெருங்கூட்டத்தைக் கண்டவர், பிதிர்க்கடனும் கடலாட்டும் ஒன்றையொன்று விலக்காமல் கைகோத்துச் செல்லும் தமிழ் மரபை உணர்வர். நம் முன்னோர்க்கு இயற்கையைக் காணச் செல்வது வெறும் பொழுதுபோக்கன்று, பூசனையுமன்று, இரண்டுக்கும் இடைப்பட்டதொரு பண்பாடு அது. அந்தப் பண்பாட்டுக்கு ஒழுக்கம் உண்டு, காலம் உண்டு, எல்லை உண்டு. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நிலத்தின் கீழ் ஓடும் நீர்

ஆறில்லை என்று மேலே கூறினோம். கண்ணுக்குத் தெரியும் ஆறில்லை என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணமும் தீவுகளும் சுண்ணக்கல்லால் ஆன நிலம். முன்னொரு காலத்திற் கடலடியில் உயிர்களின் ஓடுகளும் முருகைக் கற்களும் படிந்து இறுகி உண்டானது இக்கல். மழைநீர் இக்கல்லின் மேலே ஓடுவதில்லை; அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கிய நீர் நிலத்தினுள்ளே வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. மலைநாட்டில் ஆறு பாறையைப் பிளந்து வானம் பார்க்கும் விடரை அமைக்கிறது. எங்கள் நாட்டிலோ நீர் நிலத்துக்குள்ளேயே தன் விடரை அமைத்து மறைந்து நிற்கிறது. அதன் கூரை இடிந்துவிழுந்த இடமொன்று நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு. அதன் மேற்பகுதி நன்னீர், ஆழத்திலோ உவர்நீர். மலைநாட்டு விடரைக் குனிந்து பார்ப்பவன் கொள்ளும் அச்சமும் வியப்பும் நிலாவரையின் விளிம்பில் நிற்பவனுக்கும் உண்டாகும்.

தீவுகளின் நீர் இன்னும் நுட்பமானது. நாற்புறமும் உவர்க்கடல் சூழ்ந்திருக்க, நடுவே நன்னீர் எங்ஙனம் நிற்கிறது? நன்னீர் இலேசானது, கடனீர் கனமானது. ஆதலின் மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள கடனீரின்மேல், பாலின்மேல் ஆடை படர்வது போன்று மிதந்து நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து அறிஞர் ஒருவரும், அவரை அடுத்துச் செருமானிய அறிஞர் ஒருவரும் இதன் கணக்கைக் கண்டு கூறினர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதனை மறுதலையாகவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிகுதியாக இறைத்து மேல்நீரை ஓரடி தாழ்த்தினால், கீழிருக்கும் உப்புநீர் 40 அடி மேலேறி வரும் என்பதே அதன் பொருள். ஒருமுறை உவரான கிணறு மீண்டும் நன்னீராக நெடுங்காலம் செல்லும். தீவகத்தார் நீரைத் தெய்வமாகப் போற்றியதும், கிணற்றடியிற் சிக்கனம் பயின்றதும் இதனாலேயே.

கண்டலும் கைவிட்ட வளவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவுகளை நோக்கிப் புறப்படுவோம். இருமருங்கும் ஆழமற்ற கடனீரேரி. மாரி கழிந்த காலத்திற் செல்பவர்க்கு, தொலைநாடுகளிலிருந்து வந்த நீர்ப்பறவைகள் தட்டுப்படும். சில காலங்களில் செங்கால் மடித்து நிற்கும் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறைக் கரைகளில் ஆங்காங்கே தாழ்ந்து தழைத்து நிற்பது கண்டற்காடு. காடெங்கே என்று வினவினோமன்றோ? இதுவே எங்கள் முதற்காடு.

கண்டலைப் போல வியப்புக்குரிய மரம் பிறிதில்லை. உவரிலே வேரூன்றி, உவரை வடிகட்டி வாழ்வது அது. சேற்றினுள் மூச்சுவிட வழியில்லாமையால், ஆயிரமாயிரம் மூச்சுவேர்களை ஈட்டிமுனை போலச் சேற்றுக்கு மேலே நிமிர்த்துவன ஒருவகை. தூண்களை ஊன்றியது போல முட்டுவேர்களைப் பரப்பி நிற்பன மற்றொரு வகை. பின்னதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்டு, நேரே சேற்றில் விழுந்து குத்தி நிற்கும். அவ்வேர்களின் நடுவே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நெய்தல் பாடிய சான்றோர் கண்டலைக் கடற்கரை ஊர்களுக்கு வேலியாகக் கண்டு கூறினர். அஃது அணியன்று, உண்மையே என்பதை 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் உலகம் உணர்ந்தது. 2015 இல் இலங்கை அரசும் தன் கண்டற்காடுகள் அனைத்தையும் காப்பதாக அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் உள்ளது. காவல் நம் கையில் உள்ளது.

இனி, இரண்டாவது காடொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலணையிலும் புங்குடுதீவிலும் உள்வீதிகளிற் செல்பவர், ஆளுயரத்துக்கு மேலாக வளர்ந்த பற்றைகளைக் காண்பர். பூவரசும் கிளுவையும் வேலியாக இருந்த தம் கடமையை மறந்து காடாகி நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கூரையற்ற வீடொன்று தெரியும். முற்றத்திலே துளசிமாடம் இருந்த இடம் தெரியும். சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று நிற்கும். 1990 களின் தொடக்கத்திற் போரினால் இத்தீவுகளின் மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கொழும்பிலும், பாரிசிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் வேரூன்றிவிட்டனர். மீண்டு வந்தோர் மிகச் சிலர். பச்சைப்பசேலென்ற அந்தக் காட்சியைக் கண்டு ‘என்னே இயற்கை எழில்!’ என்று வியப்பவர், அது யாருடைய வளவு என்றும் ஒருகணம் எண்ணுதல் வேண்டும். எல்லாப் பசுமையும் வளமன்று. சில பசுமை வெறுமையின் நிறம். இக்காட்டினுள் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் தாவரவியலோடு வரலாற்றையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர்.

நெடுந்தீவு

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவின் மேற்கெல்லையான குறிகட்டுவான் துறையை அடைந்தால், அங்கிருந்து படகு. நயினாதீவு கூப்பிடு தூரம். நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல்வழி. வாடை தணிந்து கடல் படுத்திருக்கும் நாளிற் செல்வது இன்பம். சோழகம் எழுந்துவிட்டால் அலை படகை எற்றும். புதியவர்க்கு வயிறு கலங்கும். இக்கடல்வழியை விளையாட்டு வழியாக மட்டும் எண்ணிவிடல் ஆகாது. 1985 மே 15 ஆம் நாள், குமுதினி என்னும் பயணிகள் படகு இக்கடலில் இடைமறிக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அப்படகு பழுதுபார்க்கப்பட்டு, பின்னரும் பல ஆண்டுகள் அதே வழியில் மக்களைச் சுமந்தது. மாவிலித்துறையில் இறங்குபவர் ஒரு நிமிடம் தலைதாழ்த்திச் செல்லுதல் முறை.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. பசுக்கள் மல்கியதாற் பசுத்தீவு என்றும் ஒரு பெயர் உண்டு. போர்த்துக்கேயரும் தம் மொழியிற் பசுக்களின் தீவு என்றே அழைத்தனர். பின்வந்த ஒல்லாந்தர், வேலணைக்கு லெய்டன் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டியதுபோல, இதற்கு டெல்வ்ற் என்று பெயரிட்டனர். அவற்றுள் இப்பெயரே இன்றும் ஆங்கில வழக்கில் ஓங்கி நிற்கிறது.

இறங்கியதும் கண்ணைக் கவர்வன கல்வேலிகள். நிலத்தைக் கிளறினால் முருகைக்கல்; அக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்தின்றி, இடைவெளி பார்த்து அடுக்கி வேலியாக்கியுள்ளனர். காற்று இடைவெளியாற் புகுந்து செல்லும். ஆதலின் வேலி சாய்வதில்லை. தெருவுக்குத் தெரு, வளவுக்கு வளவு, கண்ணுக்கெட்டிய தூரம் இவ்வேலிகளே நெளிந்து செல்கின்றன. கல்லை அடுக்கும் கைவரிசை தந்தையிடமிருந்து மகன் கற்றது. ஒரு கல்லை உருவினால் ஒரு முழத்துக்கு வேலி சரியும் என்பதை மேலேறி நின்று படம்பிடிப்போர் உணர்வதில்லை.

வேலிகளைக் கடந்து தெற்கே சென்றால் வெளி. வானமும் புல்லும் மட்டுமே உள்ள பெருவெளி. அங்கேதான் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. மனிதரைக் கண்டதும் தலைநிமிர்த்தி, பிடரி காற்றிற் பறக்க, ஒருகணம் நின்று, பின் ஒருசேரத் திரும்பி ஓடும் அக்காட்சி ஓவியனுக்கும் எட்டாதது. இக்குதிரைகள் இத்தீவுக்கு இயல்பானவையல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தனர். பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் நோலன் என்னும் அதிகாரி அத்தொழிலை நடத்தினார். குதிரைலாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சியாளர் போயினர், குதிரைகள் தங்கி, காட்டுயிராகிவிட்டன.

குதிரைக்கும் இக்கடலுக்குமுள்ள உறவு அதற்கும் முற்பட்டது. புகார்த் துறையிற் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறும். 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்குதல் வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கும் முக்காற்பங்கு உடையவர்க்கும் என்றும், பிற பண்டம் ஏற்றிய கலமாயிற் செம்பாதி என்றும் அது விதிக்கிறது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. நாம் உல்லாசமாகக் கடக்கும் இதே நீரில், குதிரையேற்றிய கலங்கள் காற்றுக்கு அஞ்சி அலைந்தன என்று எண்ணுங்கால், வெளியில் ஓடும் குதிரைகளின் குளம்பொலி வேறொரு பொருள் தருகிறது.

அயலிலிருந்து வந்து தங்கிய இன்னொன்று பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். யானைக்கால் போன்ற அதன் அடிமரத்தில் ஒரு பொந்து. உள்ளே சிலர் சேர்ந்து நிற்கலாம். மன்னாரிலும் இதன் இனம் உண்டு. உள்நாட்டு மரம், அயல்நாட்டு மரம் என்று நூலோர் வகுப்பர். பல நூற்றாண்டுக் காற்றையும் வறட்சியையும் தாங்கி நின்றபின், அம்மரத்தை அயலது என்று தள்ளத் தீவகத்தார்க்கு மனம் வருமா?

எந்தத் திணை?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழுவொன்றோடு அவ்வெளியில் நின்றபோது, ஒரு மாணவி, “ஐயா, இது நெய்தலா முல்லையா?” என்று கேட்டாள். நல்ல வினா. கடல் கேட்கிறது, அடம்பன்கொடி படர்ந்திருக்கிறது, மணலிலே இராவணன்மீசை காற்றுக்கு உருண்டோடுகிறது, தாழை நிற்கிறது. இவை நெய்தல். ஆனால், புல்வெளியும், அதில் மேயும் ஆனிரையும், மாலையில் மணியோசையோடு திரும்பும் பசுக்களும் முல்லை. நிலம் ஒன்றோடொன்று மயங்குதலைத் தொல்காப்பியர் அறியாதவரல்லர். திணைமயக்கம் என்பது இலக்கணம் ஏற்றுக்கொண்ட உண்மை.

அவ்வினாவுக்கு விடை அத்துடன் முடியவில்லை. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று திங்களிற் பெய்துவிடும். தையிலும் மாசியிலும் நெடுந்தீவு வெளி பசும்பட்டு விரித்தது போலிருக்கும். பள்ளங்கள் தோறும் மழைநீர் வானத்தைக் காட்டும். சித்திரை கழிந்து சோழகம் வீசத் தொடங்கினாற் புல் கருகும், பள்ளம் வெடிக்கும். ஆடி ஆவணியிற் செல்பவர், நீர்தேடி அலையும் குதிரைகளையும், கடுங்கோடையாயின் இறந்துகிடக்கும் குதிரைகளையும் காண நேரிடும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தாற் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதை நூலிற் படிக்கிறோம். நெடுந்தீவிலே அதனைக் கண்ணாற் காணலாம். ஒரே தீவு ஓராண்டுக்குள் நெய்தலாகவும் முல்லையாகவும் பாலையாகவும் விளங்குகிறது. வேலணையின் வானம் பார்த்த நெல்வயல்களையும் சேர்த்துக்கொண்டால் மருதத்துக்கும் ஒரு மூலை உண்டு. தீவகத்தில் இல்லாதது குறிஞ்சி ஒன்றே. ஐந்தில் நான்கைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒன்றற்காக ஏங்குவது அறிவுடைமையாகுமா?

மணிபல்லவம்

நெடுந்தீவிலிருந்து மீளும் வழியில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அடுத்தடுத்து விளங்கும் தலம் அது. மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இத்தீவே என்பார் உளர், மறுப்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஒருபுறமிருக்க, காப்பியம் காட்டும் மணிபல்லவத்தைச் சிறிது நோக்குக. மணற்குன்று, பூம்பொழில், பொய்கை, ஆளரவமற்ற அமைதி. தன்னந்தனியே அங்கு விடப்பட்ட மணிமேகலைக்கு அத்தீவு முதலில் அச்சத்தையும், பின்னர் ஞானத்தையும் தந்தது. பசிப்பிணி போக்கும் அமுதசுரபியும் ஆங்குள்ள கோமுகிப் பொய்கையிலேயே வெளிப்பட்டது. தீவொன்றுக்குச் சென்றவள் அங்கிருந்து எதையும் கவர்ந்து வரவில்லை. பிறர் பசி தீர்க்கும் கலத்தைப் பெற்று வந்தாள். இயற்கையுலாவுக்கு இதனினும் சிறந்த உவமம் வேண்டுமோ?

செல்வோர் கடன்

போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின் தீவுகளுக்குச் செல்வோர் தொகை பெருகியது. 2015 இல் நெடுந்தீவின் 1,846 ஹெக்ரேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மிகுதி. இதனால் இருவேறு கருத்துகள் எழுந்துள்ளன. வருவோர் பெருகினால் முச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர்க்கும் வருவாய் உண்டு. இளைஞர் ஊரைவிட்டுப் போகமாட்டார் என்பர் ஒருசாரார். ஆரவாரம் புகுந்தால் தீவின் அமைதி கெடும், அப்படியே விட்டுவிடுக என்பர் மற்றொருசாரார்.

இரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றை மறந்துவிடுகின்றன. அது நீர். தீவின் நன்னீர்க் கிணறுகள் எங்கும் இல்லை. தெற்கே சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளையே நெடுங்காலம் மக்கள் நம்பியிருந்தனர். அண்மைக் காலத்தில் உவர்நீரை நன்னீராக்கும் பொறிகள் வந்துள்ளன என்றாலும், மேலே சொன்ன ஓரடிக்கு 40 அடிக் கணக்கு மாறிவிடவில்லை. அந்தப் பயணத்தின்போது கிணற்றடியில் நின்ற மூதாட்டி ஒருவர் எம் மாணவரை நோக்கிக் கூறியது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது: “குடிக்க எவ்வளவெண்டாலும் அள்ளுங்கோ பிள்ளையள், முகம் கழுவ அங்காலை உவர்க்கிணறு கிடக்கு.” விருந்தோம்பலும் சிக்கனமும் ஒரே வாக்கியத்தில் அமைந்த இவ்வுரைக்கு உரை விரிக்க வல்ல புலவர் யார்? பிள்ளைகள் உடனே உவர்க்கிணற்றை நோக்கி நடந்தனர். அன்று வகுப்பில் ஓராண்டு கற்பிப்பதை அவ்வன்னை ஒரு நொடியிற் கற்பித்துவிட்டார்.

பூங்கா அறிவித்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. குதிரைக்கும் பசுவுக்கும் புல் ஒன்றே, நீரும் ஒன்றே. குதிரையைக் காக்க எழும் அன்பு, தலைமுறை தலைமுறையாக அவ்வெளியில் ஆனிரை மேய்த்தவர்களை அயலாராக்கிவிடலாகாது. முல்லைக்கு அழகு வெளி மட்டுமன்று. ஆயரும் அதன் அழகே. கோடையிற் குதிரைக்கு நீர்த்தொட்டி அமைக்குங்கால், பசுவுக்கும் அருகே ஒன்று அமைப்பின் வழக்கு ஓயும், அறமும் நிற்கும்.

ஆகவே, செல்வோர்க்குச் சில கூறுவேன். தை மாசியிற் செல்க. அப்போது வெளியும் பசுமையாயிருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். கடுங்கோடையிற் கூட்டமாகச் செல்வதைத் தவிர்க்க. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்க. வெறும் பிளாத்திக்குப் போத்தலைக் கையோடு கொண்டு மீள்க. குதிரையைத் துரத்திப் படம்பிடிக்க வேண்டா. நூறு முழத்துக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் அதன் அழகு குறைவதில்லை. கல்வேலிமேல் ஏறற்க. பெருக்கமரத்திற் பெயர் கீறற்க; நம் பெயர் நிலைக்கவேண்டின் அதற்கு வேறு வழிகள் உண்டு. மோரும் பனங்கட்டியும் பனையோலைப் பெட்டியும் தீவகத்தாரிடமே வாங்குக. நகரத்திலிருந்து யாவற்றையும் கட்டிச்சென்று, குப்பையை மட்டும் அங்கே விட்டுவருவது உல்லாசமன்று, உபத்திரவம்.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

தீவுப் பயணத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், புறப்படுமுன் இருபது பெயர்களைக் கற்பித்துச் செல்வாராக. கண்டல், தாழை, புன்னை, அடம்பு, பூவரசு, கிளுவை, ஆலா, பூநாரை, வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று மரத்துக்கும் பறவைக்கும் காற்றுக்கும் நம்மவர் இட்ட பெயர்கள். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எங்கள் நாட்டுப் பழமொழி. அக்கொடியைக் காணாதவனுக்கு அப்பழமொழியில் உள்ள மிடுக்கு விளங்குமா? பொருள் அழிந்தாற் சொல் நிழலாகும். சொல் அழிந்தாற் பொருளைக் காப்பதற்கும் ஆளில்லாமற் போகும். கண்டலை வெறும் பற்றை என்று அழைப்பவன், அதனை வெட்டிச் சாய்க்கத் தயங்கான். அதன் பெயரை அறிந்தவன் கோடரியை எடுக்குமுன் ஒருமுறை சிந்திப்பான்.

பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் செய்து உலகோர்க்கு உணர்த்திய தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர் எது? ஊர்காவற்றுறைக் கரம்பன். 1913 இல் அங்கே பிறந்த அவர், 1966 இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டுவித்தார். தமிழரின் ஐந்திணையை உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர், மலையும் ஆறும் இல்லாத தீவொன்றின் மைந்தர் என்பது எங்கள் பிள்ளைகள் அறிந்து பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. கழியும் கண்டலும் பனையும் மணலும் பிறந்தநாள் முதற் கண்டு வளர்ந்தவர்க்குத்தான் நெய்தற் பாட்டு உயிரோடு எழுந்து நின்றது போலும்!

ஆற்றை ஊரின் அழகென்ற ஔவையாரோடு நாம் வழக்காட வேண்டுவதில்லை. எங்கள் ஆறு நிலத்துக்குள்ளே இருக்கிறது. எங்கள் காடு உவர்நீரில் நிற்கிறது. அவ்விரண்டும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதவை. ஆதலின் எளிதில் அழியக்கூடியவை. விடுமுறை நாளில் அவற்றைக் காணச் செல்லும் ஒவ்வொருவரும், குடிக்கும் நீருக்கும் கழுவும் நீருக்கும் வேற்றுமை அறிந்து நடப்பாராயின், நாளை வரும் பிள்ளைகளும் அதே கிணற்றில் நன்னீர் அள்ளுவர்.